பரணில் கிடக்கும் பெட்ரோமாக்ஸ்: எடைக்குப் போடுமுன் கவனிக்க வேண்டியவை



சிறுசேரி, கேளம்பாக்கம், திருப்போரூர், கோவளம் பக்கத்துப் பழைய மளிகைக் கடைகளில் பரணை ஒழித்தால் மூன்று பொருள்கள் தவறாமல் கிடைக்கும். ஒரு மரக்கால், ஒரு படி, ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. மரக்காலும் படியும் இனிக் கொலுவில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைக்கத்தான் ஆகும். விளக்கைக் காயலான் கடைக்காரர் தூக்கிப் பார்த்து, இரண்டு கிலோவுக்கு மேல் தேறும் என்று பித்தளை விலை சொல்லி வாங்கிக்கொண்டு போகிறார். இல்லாவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் ஆர்வக் கோளாறில் அதில் எண்ணெயை ஊற்றிப் பம்பு அடித்துப் பற்ற வைக்கிறார்கள். முதலாவது நஷ்டம், இரண்டாவது ஆபத்து. சணல் சாக்கும் அட்டைப் பெட்டியும் எண்ணெய் டின்னும் நிறைந்த கடைக்குள் அழுத்தம் ஏற்றிய மண்ணெண்ணெய் சிதறினால் என்ன ஆகும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் காலத்தில் இது எதற்கு என்று இளைய வணிகர்கள் கேட்கலாம். அன்றாட மின்தடைக்கு இன்வெர்ட்டரும் எல்.இ.டி. விளக்கும் போதும், அவற்றை விட்டுவிட்டு இதைக் கொளுத்துங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் இந்தக் கடற்கரையைத் தாக்கியபோது கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையிலும் நமது செங்கற்பட்டு மாவட்டத்திலும் தண்ணீர் தேங்கிய இடங்களில் மின்சாரத்தை நிறுத்தியே வைத்திருந்தார்கள். முதல் இரவு பேட்டரி விளக்கு எரியும். இரண்டாம் இரவு மங்கும். மூன்றாம் இரவு அரிசிக்கும் தீப்பெட்டிக்கும் மெழுகுவத்திக்கும் ஜனங்கள் வந்து நிற்கும்போது கடையில் வெளிச்சம் வேண்டும். அந்த மூன்றாம் இரவுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

விளக்கு எரிவது எப்படி?

பழுது பார்க்குமுன் பொருளின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அரிக்கேன் விளக்கில் திரி எண்ணெயை உறிஞ்சி எரிக்கிறது. பெட்ரோமாக்ஸில் திரியே கிடையாது. பம்பு அடித்தால் டாங்கிக்குள் காற்று இறுகுகிறது. அந்தக் காற்று மண்ணெண்ணெயை ஒரு குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. குழாய் சூடாக இருப்பதால் எண்ணெய் ஆவியாகி, நிப்பிளின் ஊசித் துளை வழியாகச் சீறி வெளியே வருகிறது. வழியில் காற்றைச் சேர்த்துக்கொண்டு மேண்டிலுக்குள் எரிகிறது. அந்தச் சுடரின் சூடே குழாயைத் தொடர்ந்து சூடாக வைத்திருக்கிறது. முதன்முதலில் குழாயைச் சூடாக்கிக் கொடுக்கத்தான் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துகிறோம். வீட்டில் பம்பு ஸ்டவ் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் செய்த பிரைமஸ் ஸ்டவ்வின் தத்துவமே இது. அதை விளக்காக்கி, 1910 வாக்கில் பெர்லின் நகரத்து எரிக் அண்டு கிரெட்ஸ் கம்பெனியின் மாக்ஸ் கிரெட்ஸ் கொண்டுவந்தார். பெட்ரோலியத்தையும் தம் பெயரையும் சேர்த்து பெட்ரோமாக்ஸ் என்று பெயர் வைத்தார். பிறகு யார் செய்த விளக்கானாலும் நமக்கு அதே பெயர் நிலைத்துவிட்டது.

ஆக, இந்த விளக்குக்கு வேண்டியவை மூன்று: அழுத்தம், சூடு, அடைப்பில்லாத துளை. எரியாத விளக்கில் இந்த மூன்றில் ஒன்று போயிருக்கும். எது போயிற்று என்று கண்டுபிடிப்பதுதான் பழுது பார்ப்பது. மற்றதெல்லாம் துடைத்து வைக்கும் வேலை.

வெளிச்சத்தைத் தருவது மேண்டில். 1984இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி வாடகைக்கு விடும் விளக்கில் செந்தில் கையை வைத்து மேண்டிலை உதிர்ப்பாரே, அதே பொருள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆவர் வான் வெல்ஸ்பாக் 1885இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1891இல் தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு என்ற கலவையைக் கண்டுபிடித்த பிறகே வியாபாரம் சூடு பிடித்தது. துணி வலையை அந்த உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்துகிறார்கள். எரிக்கும்போது துணி போய்விடும். உப்பு மட்டும் ஆக்சைடாகி அதே வலை வடிவத்தில் நிற்கும். நமது கடைகளில் விற்கும் சிகரெட் லைட்டரின் கல்லும் இவர் தந்ததுதான்.

அந்தத் தோரியத்துக்கும் நம் நாட்டுக்கும் உள்ள தொடர்பு வணிகர்கள் கேட்டு மகிழத்தக்கது. திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய் நார்ச் சரக்கில் கடற்கரை மணல் ஒட்டிக்கொண்டு போயிற்று. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் ரசாயனி அந்த மணலைப் பார்த்து, அதில் தோரியம் தரும் மோனசைட் இருப்பதைக் கண்டுகொண்டார். வாங்குபவன் உதறிக் கொட்டும் மணலுக்கு நாரைவிட அதிக மதிப்பு! சீக்கிரமே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை தொடங்கிற்று. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அதே ஊர்தான். விடுதலைக்குப் பிறகு 1950இல் இந்திய அரசு இண்டியன் ரேர் எர்த்ஸ் நிறுவனத்தை ஏற்படுத்தியது.

டாங்கியிலிருந்து தொடங்க வேண்டும்

கண்ணாடியைத் துடைப்பதும் மேண்டில் கட்டுவதும் கடைசி வேலை. முதலில் டாங்கி. மூடியில் உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, பிறகு மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடையன்றிப் பெட்ரோல் வாடை வந்தால், உள்ளதை வெளியே கொட்டி இரண்டு மூன்று முறை மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கிக் கழுவி, திறந்த வெளியில் மூடியில்லாமல் நாலு நாள் வைத்துவிடுங்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பித்தளை டாங்கியில் பச்சை பூத்திருந்தால் கழுவிவிடலாம். காந்தம் கெட்டியாக ஒட்டுகிற இரும்பு டாங்கியில் துரு செதில் செதிலாக உதிர்ந்தால் அந்த விளக்கை விட்டுவிடுங்கள்.

அடுத்து, டாங்கியைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். வெளியே உப்பியிருந்தால் யாரோ அளவுக்கு மேல் அழுத்தம் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதை எந்தப் பழுதும் சரி செய்யாது. தயங்காமல் எடைக்குப் போடலாம். மயிரிழை போன்ற கீறல் உள்ளதா என்றும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். இதில் நமது கடைக்காரர்களுக்கென்றே ஒரு செய்தி உண்டு. யூரியா போன்ற உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் பித்தளைச் சாமானை ஆண்டுக்கணக்கில் வைக்கக் கூடாது. ஈரத்தில் எழும் அம்மோனியா வாயு பித்தளையை வெடிக்கச் செய்யும். வெள்ளைக்காரர் காலத்து இந்தியப் படையில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டதும் இதே காரணத்தால்தான். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா செய்த வேலை அது. உரமும் மளிகையும் சேர்த்து நடத்தும் கடைகளின் பரணில் கிடந்த விளக்கென்றால் இரட்டைக் கவனம் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டையைத் தண்ணீர் காட்டிக் கொடுக்கும். எண்ணெய் இல்லாத டாங்கியில் பத்துத் தடவை பம்பு அடித்து, வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பதே போல. குமிழி வருமிடம் மூடியா, பம்பின் வாயா, காட்டியின் அடியா, டாங்கியின் பற்றா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடியும் பம்பும் என்றால் வாஷர் மாற்றினால் தீரும். டாங்கியின் பற்றிலேயே கசிந்தால் ஈயப் பற்று வைப்பவரிடம் கொடுக்க வேண்டும். ஆனால் மண்ணெண்ணெய் இருந்த டாங்கி என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சோடா உப்பு கரைத்த வெந்நீரால் பல முறை கழுவாமல் அதன் அருகில் நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது. உள்ளே தங்கிய ஆவி பிடித்துக்கொண்டால் டாங்கி வெடிகுண்டாகும்.

மூடி வாஷரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறி உப்பி இரண்டே வாரத்தில் கூழாகிவிடும். எண்ணெய் தாங்கும் ரப்பரில் செய்த வாஷரைக் கேட்டு வாங்குங்கள்.

பம்பும் வால்வும்

பல விளக்குகள் செத்துப்போனது போல் கிடப்பதற்குக் காரணம் ஒரு தோல் துண்டு. பம்புத் தண்டின் நுனியில் கிண்ணம் போன்ற தோல் வாஷர் உண்டு. அது காய்ந்து சுருங்கினால் தண்டு வழுக்கிக்கொண்டு போகுமே தவிர காற்று ஏறாது. தண்டை வெளியே எடுத்து, தோலை விளக்கெண்ணெயில் ஓர் இரவு ஊற வையுங்கள். காலையில் விளிம்பை விரலால் மெல்ல விரித்துவிட்டு, கிண்ணத்தின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். தலைகீழாகப் போட்டால் நூறு தடவை அடித்தாலும் காற்று நிற்காது. தோல் கீறியிருந்தால் புதிதாக வாங்க வேண்டும், விலை அற்பம்.

பம்புக் குழாயின் அடியில் காற்றை உள்ளே விட்டுத் திரும்ப விடாத வால்வு ஒன்று உண்டு. அது கெட்டுப்போனதை அறிய ஆசாரியிடம் போக வேண்டாம். அழுத்திவிட்ட பம்புத் தண்டு தானாகவே மேலே எழும்பி வந்தாலோ, பம்புக் குழாய்க்குள் மண்ணெண்ணெய் ஊறினாலோ வால்வு விட்டுவிட்டது என்று பொருள். அதைக் கழற்ற நீண்ட சாவி வேண்டும். உள்ளே சிறு சுருள்வில்லும் கடுகளவு ரப்பரும் இருக்கும். அந்த ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். மரை இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். சுற்றிலும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு நாள் பொறுத்தால் தானே இளகும். பித்தளை மரை ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

அடைப்பு எங்கே?

அழுத்தம் நின்றும் விளக்கு எரியவில்லையென்றால் அடைப்பு. நிப்பிளின் துளைக்குள் ஓர் ஊசி, பக்கத்திலுள்ள சக்கரத்தைத் திருப்பினால் ஏறி இறங்கும். சக்கரத்தைச் சுற்றும்போது ஊசி முனை துளையில் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஊசி உடைந்திருந்தால் ஊசியையும் நிப்பிளையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. ஸ்டவ் பின்னைத் திணித்துத் துளையைப் பெரிதாக்கிவிட்டால், அதன் பிறகு விளக்கு புகைந்துகொண்டேதான் இருக்கும். ஆவிக்குழாயைக் கழற்றி உள்ளே படிந்த கரியை மெல்லிய கம்பியால் சுரண்டி, மண்ணெண்ணெயால் அலசுங்கள். சக்கரத்தின் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்தால் அங்குள்ள அடைப்புக் கயிறு போய்விட்டது. பழைய விளக்குகளில் அது ஆஸ்பெஸ்டாஸ் கயிறாக இருக்கலாம். அதைப் பிய்த்து ஊதாமல் நனைத்து எடுத்து, கிராஃபைட் கயிறு சுற்றுங்கள்.

நமது பக்கத்தில் இன்னொரு அடைப்பு உண்டு. பரணில் கிடந்த விளக்கின் வளைந்த கலவைக்குழாயில் குளவி மண் கூடு கட்டியிருக்கும்; அல்லது சிலந்தி வலை பின்னியிருக்கும். வெளியே எல்லாம் பளபளவென்று இருந்தும் சுடர் மஞ்சளாகப் புகைந்தால் முதலில் இந்தக் குழாயைத் தட்டிப் பாருங்கள். பாதிக் காற்று மேண்டிலுக்குப் போகாமல் தடுப்பது ஒரு சிட்டிகை மண்ணாகவே இருக்கும். நிப்பிளின் முனைக்கும் கலவைக்குழாயின் வாய்க்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேண்டில் கட்டும் பீங்கான் நாசில் வெடித்திருந்தால் புதிது போட்டு, கையால் முடுக்கியபின் அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். சூட்டில் விரிய இடம் இல்லாவிட்டால் மறுபடியும் வெடிக்கும்.

மேல் பளபளப்புக்குப் புளி போதும். நிக்கல் பூசிய விளக்கில் செங்கல் தூள் போட்டுத் தேய்த்தால் பூச்சு போய்விடும். புளித் தண்ணீர் நிப்பிளுக்குள் இறங்காமல் துணி கட்டிக்கொண்டு தேய்த்து, நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்துங்கள்.

கொளுத்தும் முறை

முதல் தடவை கடைக்குள் கொளுத்தவே கூடாது. வாசலுக்கு வெளியே மண் தரையில் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் இருக்கட்டும். நாம் பத்துப் பன்னிரண்டு பழைய விளக்குகளை எழுப்பியிருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் இதே ஏற்பாடுதான்.

எண்ணெய் முதலில். பெட்ரோல் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. மண்ணெண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் ஒரு மணி நேரம் வைத்தால் தண்ணீர் இருந்தால் அடியில் தங்கிவிடும். மேலாக உள்ளதை வடிகட்டி ஊற்றுங்கள். ரேஷனில் வந்த நீல நிற எண்ணெயிலும் எரியும். தெளிந்த வெள்ளை எண்ணெய் கிடைத்தால் கரி குறையும். ஒரு லிட்டர் டாங்கியென்றால் முக்கால் பாகத்தோடு நிறுத்துங்கள். காற்றுக்கு இடம் வேண்டும். பெரிய 500 கேண்டில் பவர் விளக்கு ஒரு லிட்டரில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் எரியும்.

மேண்டிலை நாசிலில் கட்டும்போது சுருக்கம் சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குவிந்தால் அந்தப் பக்கமே கிழியும். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துங்கள். மேண்டில் கருகி, பிறகு வெளுத்துச் சாம்பல் வலையாக நிற்கும். தோரியம் மிக லேசான கதிர்வீச்சு உடையது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் பயமில்லை. ஆனால் முதன்முதலில் கருகும் புகையைச் சுவாசிக்கக் கூடாது. உதிர்ந்த மேண்டில் தூளை ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கையைக் கழுவ வேண்டும். மேண்டிலைத் தொட்ட கையோடு பொட்டலம் மடிக்கவே கூடாது. தோரியம் இல்லாமல் இட்ரியம் சேர்த்த மேண்டில்களும் இப்போது உள்ளன. கிடைத்தால் அவற்றையே வாங்கலாம்.

ஸ்பிரிட் அணையப் போகும் தறுவாயில் காற்றுத் திருகை மூடி ஏழெட்டுத் தடவை பம்பு அடித்து, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் மேண்டில் பிடித்துக்கொள்ளும். பிறகு காட்டியின் முள் சிவப்புக் கோட்டை எட்டும் வரை அடிக்கலாம். கோட்டைத் தாண்டக் கூடாது. அவசரப்பட்டு ஸ்பிரிட் பாதியில் இருக்கும்போதே திறந்தால் குழாய் சூடேறியிருக்காது. ஆவியாகாத எண்ணெய் மேலே வந்து ஆளுயரத்துக்கு மஞ்சள் நெருப்பு எழும்பும். எழும்பினால் ஊதவோ தண்ணீர் கொட்டவோ வேண்டாம். சக்கரத்தை மூடி, காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள், தானே அடங்கும். விளக்கு ஆறிய பிறகு மறுபடியும் ஸ்பிரிட்டிலிருந்து தொடங்குங்கள். எரியும் விளக்கில், அணைத்த சூடான விளக்கில், எண்ணெய் ஊற்றுவதை யார் செய்தாலும் கையைத் தட்டிவிடுங்கள்.

கடைக்குள் எங்கே மாட்டுவது? தலைக்கு மேல் இரும்புக் கொக்கியில், கூரை ஓலைக்கும் தொங்கும் பாக்கெட் சரங்களுக்கும் எட்டாத இடத்தில். மேல்மூடியின் சூடு அப்பளக் கட்டைக் கருக்கிவிடும். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே எரிய விடக் கூடாது. எரியும் மண்ணெண்ணெய் அறையின் பிராணவாயுவைத் தின்று, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடை விடும். கணக்கு முடிக்கவும் கடையில் படுக்கவும் இந்த விளக்கு ஆகாது.

வேலை முடிந்ததும் அழுத்தத்தை விட்டு, எண்ணெயை வடித்து, தோல் வாஷரில் இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு, கலவைக்குழாயின் வாயில் துணி அடைத்து வையுங்கள். அப்போது குளவி வராது. புயல் மாதங்களுக்கு முன், புரட்டாசி பிறந்ததும் ஒரு முறை இறக்கிக் கொளுத்திப் பார்ப்பது போதும். ஆறு மேண்டில், இரண்டு தோல் வாஷர், ஒரு நிப்பிள், ஒரு ஊசி, ஒரு நாசில், மூடி வாஷர் இரண்டு ஆகியவற்றை ஒரு பழைய பெருங்காய டப்பாவில் போட்டு விளக்கோடு கட்டி வையுங்கள். பாரிமுனையின் ஹார்டுவேர் கடைகளில் விசாரித்தால் இவை இன்னும் கிடைக்கும். ஸ்பிரிட் புட்டியை மட்டும் அந்த டப்பாவோடு வைக்காமல், குழந்தைகள் கைக்கு எட்டாத தனி இடத்தில், பெயர் எழுதி ஒட்டி வையுங்கள்.